சின்ன அணைதானே என்று விட்டுவிட வேண்டாம்



பதிவு கொஞ்சம் நீளம். "சார் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டார்" என்று பாதியில் எழுந்து போகாமல் கடைசி வரை படியுங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்களுக்கும் கடைசியில் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

2025-இல் நம் பக்கத்துக் கூமாபட்டி ஒரே வாரத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊராகிவிட்டது. இன்ஸ்டாகிராமில் ஓடிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, குளிக்கலாம் என்று எங்கிருந்தெல்லாமோ வண்டி பிடித்து வந்தார்கள். வந்த பிறகுதான் அணையில் இறங்க அனுமதி கிடையாது என்று தெரிந்து திரும்பிப் போனார்கள். அடுத்து, பிளவக்கல் அணைப் பூங்காவைச் சீரமைக்க அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியதாகச் செய்தி வந்தது. நம் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு எத்தனை கைதட்டல் பொம்மைகள்!

பூங்கா வரட்டும். குழந்தைகள் ஊஞ்சல் ஆடட்டும். நாலு பேருக்குக் கடை போட்டுப் பிழைக்க வழி கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பூங்காவை ஒட்டி நிற்கிற அணை எப்படி இருக்கிறது, அதன் ஷட்டரைக் கடைசியாக எப்போது ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள், கரையில் கசிவு உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால், "அது சின்ன அணைதானே சார், மேட்டூரா என்ன?" என்கிறார்கள். இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்.

வெளியூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக முதலில் அறிமுகம். "பெரியாறு அணை" என்றதும் எல்லாரும் முல்லைப் பெரியாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. வத்திராயிருப்புக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு காட்டாறுகள் இறங்குகின்றன. இரண்டுக்கும் குறுக்கே ஆளுக்கொரு அணை. இரண்டையும் சேர்த்துப் பிளவக்கல் திட்டம் என்பார்கள். 1976-ஐ ஒட்டிப் பயன்பாட்டுக்கு வந்தவை. ஐம்பது வயது ஆகிறது. பெரியாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 47.56 அடி, கோவிலாறு அணைக்கு 42.64 அடி. முதலாவதில் 192 மில்லியன் கன அடி தண்ணீர் நிற்கும். இரண்டாவதில் 133.

இப்போது கணக்கு. இரண்டையும் கூட்டினால் 325 மில்லியன் கன அடி. அதாவது ஒரு டி.எம்.சி.யில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. மேட்டூருக்கு 93.47 டி.எம்.சி. அந்த வகையில் "சின்ன அணை" என்பது சரிதான். ஆனால் அதே 192 மில்லியன் கன அடியை லிட்டராக மாற்றிப் பாருங்கள். சுமார் 544 கோடி லிட்டர். எடையாகச் சொன்னால் 54 லட்சம் டன். ஒரு லாரிக்குப் பத்து டன் என்று வைத்தால் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் லாரி. அத்தனை எடை ஊருக்கு மேலே ஒரு கரையின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. கீழே குடியிருக்கிறவனுக்கு மேட்டூரோடு ஒப்பிட்டுப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

அணை உடையப் போகிறது என்று நான் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் "அணை உடைஞ்சிருச்சு, எல்லாரும் ஓடுங்க" என்று ஏதாவது ஒரு குரல்பதிவு சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. அதை அனுப்புகிறவர்கள் யாராக இருந்தாலும், என் மாணவராகவே இருந்தாலும், காதைத் திருக வேண்டும். நான் சொல்வது வேறு. உடையாத அணையும் மெதுவாகக் கெட்டுப்போகும். அதைக் கெடாமல் வைத்திருப்பது தினசரி வேலை. அந்த வேலை நடக்கிறதா என்று கேட்கிற உரிமையும் கடமையும் நமக்கு இருக்கிறது.

இந்த அணைகள் எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். தண்ணீரின் பெரும்பகுதி நேராக வயலுக்குப் போவதில்லை. கால்வாய் வழியாகக் கண்மாய்களுக்குப் போகிறது. வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் பக்கத்தில் நாற்பது கண்மாய்கள் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கின்றன. ஒரு கண்மாய் நிரம்பி, மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்கு வந்து, அது நிரம்பி அதற்கடுத்ததுக்கு. கண்மாய் நிரம்பினால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் தென்னையும் நெல்லும் நிற்கும், வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வரும். மிச்சம் அர்ச்சுனா நதியாகி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. ஆகவே அணை நிரம்பிய படத்தைப் போட்டு "நிரம்பி வழிகிறது பிளவக்கல்" என்று மகிழ்வது பாதி மகிழ்ச்சிதான். கடைசிக் கண்மாய் நிரம்பியதா என்பதுதான் மார்க் போட வேண்டிய இடம். வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால், மேலே அணை ததும்பினாலும் கீழே கண்மாய் காய்ந்துதான் கிடக்கும்.

பாசனத்துக்கு அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் அணையில் இடம் காலியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. பெரிய ஆறுகளில் மேலே மழை பெய்தால் தண்ணீர் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். யோசிக்க நேரம் உண்டு. நம் மலை அப்படி இல்லை. செங்குத்தான சரிவு, குட்டையான ஆறு. மேலே கொட்டினால் சில மணி நேரத்தில் அடிவாரத்தில் இரைச்சல் கேட்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தது மறந்திருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மேகம் கொஞ்சம் நகர்ந்து நம் மலை மேல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படி ஒரு ராத்திரியில் எந்த ஷட்டரை எவ்வளவு, எத்தனை மணிக்குத் தூக்குவது என்று முடிவு செய்ய அணையில் ஆள் இருக்க வேண்டும். அவர் தூக்கினால் ஷட்டர் தூக்க வர வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் டீசல் இருக்க வேண்டும். இவ்வளவுதான் அணைப் பாதுகாப்பில் பாதி.

மீதிப் பாதி கரை. நம் மாவட்டத்து அணைகளில் நீளத்தில் பெரும்பகுதி மண் கரைதான். எந்த மண் கரையிலும் கொஞ்சம் கசிவு இருக்கும். அது இயல்பு. அந்தக் கசிவு வெளியேறத்தான் கரையின் அடியில் வடிகால் வைத்திருப்பார்கள். கசிவுத் தண்ணீர் தெளிவாக, தினமும் ஒரே அளவில் வந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால், அல்லது நீர்மட்டம் ஏறாதபோதும் கசிவு கூடினால், தண்ணீர் உள்ளே இருக்கிற மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். எலி வளை, கறையான் புற்று, கரை மேல் வளர்ந்த மரத்தின் வேர் எல்லாம் அதற்கு வழி திறந்துவிடும். வேர் பட்டுப்போய் மக்கினால் அந்த இடத்தில் ஒரு குழாய் போட்ட மாதிரிதான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தினமும் கரையின் மேலும் அடியிலும் நடந்து பார்த்து நோட்டில் எழுதுகிற ஓர் ஆள் போதும். நம் ஊரில் அவரை லஸ்கர் என்போம். அந்த லஸ்கர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது பூங்காவைவிட முக்கியமான கேள்வி.

"இதெல்லாம் நடக்கிற கதையா சார்?" என்பவர்களுக்காக நாலு உதாரணம்.

முதலாவது, நம் அர்ச்சுனா நதியிலேயே கீழே இருக்கிற ஆனைக்குட்டம் அணை. ஷட்டர் பழுதாகித் தண்ணீர் கசிந்து வீணாவது பற்றி ஆண்டுக்கணக்கில் பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டே இருந்தது. விருதுநகர் குடிநீருக்கு ஏங்குகிற ஊர். அதற்கு மேலே ஒரு அணை இருந்தும், சேர்த்த தண்ணீரை நிறுத்தி வைக்க முடியவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அணை எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலை கெட்டுப்போனது. இப்படிச் சத்தமில்லாமல் கெடுவதுதான் நம் பக்கத்தில் அதிகம்.

இரண்டாவது, விழுப்புரம் மாவட்டம் தளவானூர். தென்பெண்ணையின் குறுக்கே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய தடுப்பணை. 2020 செப்டம்பரில் திறந்தார்கள். 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபக்கமும் போனது. புதிதாகக் கட்டியது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது.

மூன்றாவது, ஆந்திராவில் கடப்பை மாவட்டம், செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை. 2021 நவம்பர் 19 அன்று மேலிருந்து வந்த வெள்ளத்தில் மண் கரை உடைந்து, கீழே இருந்த கிராமங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பலர் இறந்தார்கள். அணையின் ஐந்து கதவுகளில் ஒன்று இயங்காமல் கிடந்தது பின்னால் பெரிய விவாதமானது. ஒரே ஒரு கதவு என்று அலட்சியமாகச் சொல்ல முடியுமா?

நான்காவது, மகாராஷ்டிராவில் ரத்தினகிரி மாவட்டத்துத் திவரே அணை. சின்ன பாசன அணைதான். கட்டி இருபது வருடம்கூட ஆகவில்லை. 2019 ஜூலை 2 ராத்திரி உடைந்து, தூங்கப்போன குடும்பங்கள் வீட்டோடு போயின. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக இருபது பேருக்குக் குறையாது. கரை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு, நண்டுகள் துளை போட்டதுதான் காரணம் என்று ஓர் அமைச்சர் சொன்னது நாடு முழுக்கச் சிரிப்பும் கோபமுமாகப் பரவியது. நண்டு துளை போடும், உண்மைதான். அந்தத் துளையை யார் பார்த்திருக்க வேண்டும் என்பதுதானே கேள்வி?

இனி சட்டம். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 என்று ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ளது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகள் எல்லாம் இதில் அடங்கும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவையும், கொள்ளளவு பத்து லட்சம் கன மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அடங்கும். பிளவக்கல் பெரியாறு 54 லட்சம், கோவிலாறு 37 லட்சம் கன மீட்டர். இரண்டும் இந்தச் சட்டத்துக்குள் வருபவை. இதன்படி பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையை ஆய்வு செய்ய வேண்டும். ஆபத்து நேர்ந்தால் யார் யாருக்குச் சொல்வது, எந்த ஊர் எவ்வளவு நேரத்தில் காலி செய்வது என்ற அவசரகாலச் செயல்திட்டம் எழுதி வைக்க வேண்டும். வெளி வல்லுநர் குழுவைக் கொண்டு முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். பழைய அணைகளுக்கு இந்தச் செயல்திட்டத்துக்கும் முழுப் பரிசோதனைக்கும் சட்டம் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2026 டிசம்பர். நம் அணைகளுக்கு அந்தத் திட்டத்தைக் கூமாபட்டியில் யாராவது பார்த்திருக்கிறார்களா? பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள், மகிழ்ச்சியோடு படிப்பேன்.

10 மீட்டருக்குக் குறைந்த அணைகள் இந்தச் சட்டத்தின் கணக்கிலேயே வருவதில்லை. ஆற்றுக்கு ஆறு கட்டி வைத்திருக்கிற தடுப்பணைகள், பழைய அணைக்கட்டுகள், கலிங்குகள் எல்லாம் அநேகமாக இப்படித்தான். ராஜபாளையத்துச் சொந்தங்களுக்கு இது புரியும். ஊருக்கு மேற்கே ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நகராட்சியின் குடிநீருக்காக இருக்கிறது. முடங்கியாற்றில் தண்ணீர் வந்தால் அது நிரம்பும். புளியங்குளம், கருங்குளம் என்று கண்மாய்களும் வரிசையாக இருக்கின்றன. சட்டம் கேட்காவிட்டாலும் இவற்றுக்கும் ஒரு நோட்டு, ஓர் ஆள், வருடத்துக்கு இரண்டு ஆய்வு என்று நாமே வழக்கமாக்க வேண்டும். முன்பு நம் கண்மாய்களுக்கு நீர்பாய்ச்சி இருந்தார். மடை திறப்பதும், ராத்திரி மழையில் கரையைச் சுற்றி வருவதும் அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்குக் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். சட்டம் எதுவும் இல்லாத காலத்தில் ஊர் செய்துகொண்ட ஏற்பாடு அது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை ஒருவர் போனில் சொன்னார்: "மாமா, இதை எல்லாம் விடுங்க. மேற்கே போற தண்ணிய இங்க திருப்புனா எல்லாம் சரியாயிரும்." அழகர் அணைத் திட்டம் நம் விவசாயிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்பது. பம்பை, அச்சன்கோவில், வைப்பாறு இணைப்பு இன்னும் பெரிய பேச்சு. அதில் திருப்பச் சொல்லும் தண்ணீர் 634 மில்லியன் கன மீட்டர். கேரளம் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்பது தப்பே இல்லை, நானும் கேட்கிறேன். ஆனால் கையில் இருக்கிற இரண்டு அணையிலும் சேர்த்து நிற்பது 9 மில்லியன் கன மீட்டர் சொச்சம். இந்த ஒன்பதைச் சரியாகக் காபந்து பண்ணிக் கடைசிக் கண்மாய்க்குக் கொண்டுபோகத் தெரியாமல், 634 வந்தால் எங்கே நிறுத்துவோம்? எந்தக் கால்வாயில் விடுவோம்? வருகிற தண்ணீருக்கும் இதே கரை, இதே ஷட்டர், இதே வரத்துக்கால்வாய்தான் மாப்பிள்ளை.

துறையில் இருப்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. மழை ராத்திரியில் நாமெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்போது, டார்ச் லைட்டோடு கரையில் நடக்கிற பணியாளர்கள் இருக்கிறார்கள். கிரீஸ் வாங்கவும் ரப்பர் சீல் மாற்றவும் நிதி கேட்டு எழுதிவிட்டுக் காத்திருக்கிற பொறியாளர்களும் இருக்கிறார்கள். என் மாணவர்கள் சிலரே நீர்வளத்துறையில் இருக்கிறீர்கள். புதிய கட்டுமானத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். ஷட்டருக்குக் கிரீஸ் போட்டதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. அதனால்தான் பராமரிப்புக்குப் பணம் கடைசியில் வருகிறது. மக்கள் கேட்டால் அது முன்னால் வரும். உங்கள் கையை வலுப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

இனி வீட்டுப்பாடம்.

ஒன்று. வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் பிள்ளைகள், அக்டோபர் 2 கிராமசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அணையின் இன்றைய நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், ஷட்டர் கடைசியாகச் சோதித்த தேதி, பருவமழைக்கு முந்தைய ஆய்வு நடந்த தேதி எல்லாம் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. மறுபடி மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராமசபையில், நாற்பது கண்மாயில் எத்தனை நிரம்பின என்று கணக்குக் கேளுங்கள்.

இரண்டு. அவசரகாலச் செயல்திட்டத்தைத் தமிழில் ஊர்மக்கள் முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். அலமாரியில் இருக்கிற திட்டம் ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்பாது.

மூன்று. வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான வேலை இது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தியக் குடியுரிமை இருந்தால் எங்கிருந்தும் கேட்கலாம். இரண்டு அணைகளிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, கடந்த ஐந்து ஆண்டுகளில் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, ஷட்டர்களின் இன்றைய நிலை என்ன? இந்த நாலு கேள்வி போதும். ஒரே மனுவைப் பத்துப் பேர் போடாதீர்கள். குழுவில் பேசி ஒருவர் போடுங்கள். பதில் வந்ததும் எல்லாரும் படிக்கலாம்.

நான்கு. கட்டிடப் பொறியியல் படித்த என் பிள்ளைகள், விடுமுறையில் ஊருக்கு வரும்போது உரிய அனுமதி வாங்கிக் கரையைப் போய்ப் பாருங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று உள்ளூர் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கசிவு எங்கே, மரம் எங்கே, கல் சரிந்திருப்பது எங்கே என்று படத்தோடு துறைக்கு எழுதிக் கொடுங்கள். பதிவு போடுவது அதற்கப்புறம்.

ஐந்து. எல்லாருக்கும். கரை மேல் வண்டி ஓட்டாதீர்கள். மாட்டைக் கட்டாதீர்கள். வழிந்தோடியில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். குரல்பதிவு வந்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலோ துறையிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

பூங்காவுக்கு 10 கோடி வந்திருக்கிறது என்றால், நம் ஊர் குரலுக்குச் சென்னையில் காது இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சின்ன வீடியோவே அதைச் செய்தது. அதே குரலில் ஷட்டருக்கும் கரைக்கும் லஸ்கருக்கும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டு என்ன பதில் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். பதில் வருகிற வரை அவ்வப்போது நினைவுபடுத்திக்கொண்டே இருப்பேன். வீட்டுப்பாடம் பார்க்காமல் நான் யாரை விட்டிருக்கிறேன்?

எல்லாரும் நலமாக இருங்கள். வாழ்க வளமுடன்.